சோடியத்தின் செயலுறு அணுக்கரு மின்சுமை எது: 1, 1.84, 2.2, 2.51?

வேதியியல் ஆசிரியை – கேள்வி

வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் கற்பிக்கிறேன். வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்கும் அணுக்கருவுக்கும் நடுவில் உள்ள எலக்ட்ரான்கள் ஒரு திரைபோல நின்று அணுக்கருவின் கவர்ச்சியை மறைக்கின்றன என்றும், மறைத்தது போக எஞ்சுவதே செயலுறு அணுக்கரு மின்சுமை என்றும் ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தபோது குழப்பம் இன்னும் கூடியது.

அவள் கேட்டது இதுதான். சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்கள், உட்கூடுகளில் 10 எலக்ட்ரான்கள். திரை முழுமையாக மறைக்கிறது என்றால், வெளியே தனித்திருக்கும் 3எஸ் எலக்ட்ரான் உணர்வது 1 என்ற மின்சுமையை மட்டுமே. அப்படியானால் அது ஹைட்ரஜன் அணுவின் மூன்றாம் கூட்டில் இருக்கும் எலக்ட்ரானைப் போன்றது, 13.6 எலக்ட்ரான்வோல்ட்டை 9 ஆல் வகுத்தால் வரும் 1.51 எலக்ட்ரான்வோல்ட் கொடுத்தாலே அது கழன்றுவிட வேண்டும். ஆனால் சோடியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல் 5.14 எலக்ட்ரான்வோல்ட். மூன்று மடங்குக்கும் மேலான இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

திரை முழுமையானதல்ல என்று சொல்லி அன்று வகுப்பை முடித்துவிட்டேன். பிறகு 13.6-ஐச் செயலுறு மின்சுமையின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டு எண்ணின் வர்க்கத்தால் வகுக்கும் ஆற்றல் சமன்பாட்டில் 5.14 என்ற அளவைப் பின்னோக்கிப் பொருத்தியபோது செயலுறு மின்சுமை 1.84 என்று வந்தது. மறைப்பைத் தோராயமாகக் கணக்கிடும் ஸ்லேட்டர் விதிப்படி இரண்டாம் கூட்டின் எட்டு எலக்ட்ரான்களுக்குத் தலா 0.85, முதல் கூட்டின் இரண்டுக்குத் தலா 1 என மறைப்பு மாறிலி 8.8 ஆகிறது, 11-லிருந்து அதைக் கழித்தால் 2.2. கிளெமென்டியும் ரைமோன்டியும் 1963-இல் வெளியிட்ட அட்டவணையிலோ 2.51 என்று இருக்கிறது. ஸ்லேட்டரின் 2.2-ஐ ஆற்றல் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 7.3 எலக்ட்ரான்வோல்ட் வருகிறது. அதுவும் உண்மை அளவோடு ஒத்துப்போகவில்லை.

ஒரே அணு, ஒரே எலக்ட்ரான், நான்கு எண்கள். இவற்றில் எதைச் சரியென்று கரும்பலகையில் எழுதுவது? அறிந்தவர்கள் விளக்கினால் அந்த மாணவிக்கும் எனக்கும் பேருதவியாக இருக்கும்.


நிறமாலையர் – மறுமொழி

அம்மா, உங்கள் மாணவியின் கணக்கில் பிழை ஏதும் இல்லை. நாம் எல்லோரும் பழக்கத்தில் சொல்லிவிடும் ‘திரை’ என்ற சொல்தான் அவளைத் தடுமாற வைத்திருக்கிறது. திரை என்றால் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் நாம், நடுவில் துணி. நாம் துணியைத் தாண்டி விளக்கின் பக்கம் போவதில்லை. சோடியத்தின் 3எஸ் எலக்ட்ரானோ போகிறது.

காஸ் விதியிலிருந்து தொடங்குவோம். கோளச் சமச்சீருடன் பரவியிருக்கும் எதிர்மின்சுமைக்கு வெளியே ஓர் எலக்ட்ரான் இருந்தால், அந்தப் பரவல் முழுவதும் மையத்தில் குவிந்திருப்பது போலவே அதை விலக்கும். அதே எலக்ட்ரான் பரவலுக்குள் புகுந்துவிட்டால், அதைவிட மையத்துக்கு அருகில் இருக்கும் பகுதி மட்டுமே அதை விலக்கும். வெளிப்புறம் இருக்கும் பகுதி எந்த நிகர விசையையும் செலுத்தாது. ஆகவே சோடியத்தில் வெகு தொலைவில் இருக்கும் எலக்ட்ரான் 1 என்ற மின்சுமையை உணர்கிறது. அணுக்கருவை ஒட்டி வரும்போது ஏறத்தாழ 11-ஐயும் உணர்கிறது. செயலுறு மின்சுமை என்பது உண்மையில் தூரத்தைப் பொறுத்து 11-லிருந்து 1 வரை இறங்கும் ஒரு வளைகோடு. நாம் அட்டவணையில் எழுதும் ஒற்றை எண், அந்த வளைகோட்டிலிருந்து ஏதோ ஒரு முறையில் எடுத்த சராசரி.

இனி 3எஸ், 3பி, 3டி ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். 3எஸ் ஆர்பிட்டாலில் ஆரவழிக் கணுக்கள் (அணுக்கருவிலிருந்து வெளியே போகும் வழியில் எலக்ட்ரானின் நிகழ்தகவு சுழியாகும் இடங்கள்) இரண்டு. அதாவது அதன் நிகழ்தகவின் பெரும்பகுதி வெளியே இருந்தாலும், உட்கூடுகள் இருக்கும் பகுதியிலேயே இரண்டு சிறிய மேடுகள் இருக்கின்றன. 3பி-க்கு அத்தகைய கணு ஒன்று. 3டி-க்கு ஒன்றுமில்லை, அது உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை எனலாம். மறைப்பு முழுமையாக இருக்க வேண்டுமானால் அது 3டி-யில்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம் அல்லவா? சோடியம் அணுவின் நிறமாலை அளவீடு அதைத்தான் காட்டுகிறது. 3எஸ் நிலையில் இருக்கும் எலக்ட்ரானைப் பிரிக்க 5.14 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும்; அதைக் கிளர்ச்சியுறச் செய்து 3பி நிலைக்கு ஏற்றிவிட்டால் 3.04 போதும், 3டி நிலைக்கு ஏற்றிவிட்டால் 1.52 போதும். உங்கள் மாணவி கணக்கிட்ட 1.51 என்ற எண் 3டி நிலையில் ஏறத்தாழ அப்படியே கிடைத்துவிடுகிறது. அவள் கண்டது பிழையான விடையன்று. மூன்றாம் கூட்டில் வேறோர் ஆர்பிட்டாலுக்கு உரிய சரியான விடை. இதை அவளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஹைட்ரஜனில் உட்கூட்டு எலக்ட்ரான்கள் இல்லாததால் இந்த மூன்று நிலைகளும் ஏறத்தாழ ஒரே ஆற்றலில் நிற்கின்றன. சோடியத்தில் 3எஸ் நிலைக்கும் 3பி நிலைக்கும் நடுவே 2.1 எலக்ட்ரான்வோல்ட் இடைவெளி திறக்கிறது. அந்த இடைவெளியை ஒளியின் அலைநீளமாக மாற்றினால் 589 நானோமீட்டர். அடுப்புத் தீயில் உப்பு விழுந்தால் தோன்றும் மஞ்சளும், சோடியம் ஆவி விளக்கின் மஞ்சளும் அதுதான். இப்படி உட்கூடுகளுக்குள் புகுவதாகிய ஊடுருவலில் எஸ்-க்கும் பி-க்கும் உள்ள வேறுபாட்டை வெறுங்கண்ணால் காண்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இத்தகைய கோடுகளை அளப்பதிலேயே கழிந்தது; அந்த மஞ்சள் கோட்டைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் காரணம் நினைவுக்கு வரும்.

எந்த எண்ணை எழுதுவது என்ற கேள்விக்கு வருகிறேன். ‘ஹைட்ரஜனைப் போன்ற ஓர் அணுவின் மூன்றாம் கூட்டில் எவ்வளவு மின்சுமை இருந்தால் இதே அயனியாக்கும் ஆற்றல் கிடைக்கும்?’ என்று கேட்டால் விடை 1.84. ‘எவ்வளவு மின்சுமை இருந்தால் எலக்ட்ரானின் சராசரித் தூரம் இதே அளவாக இருக்கும்?’ என்று கேட்டால் விடை 3.21, உங்கள் பட்டியலில் இல்லாத ஐந்தாவது எண் இது. ஹைட்ரஜனின் 3எஸ் நிலையில் சராசரித் தூரம் 13.5 போர் ஆரங்கள் (அணு அளவுகளுக்கான நீள அலகு), சோடியத்தில் ஏறத்தாழ 4.21, இரண்டின் விகிதம்தான் 3.21. கிளெமென்டியும் ரைமோன்டியும் தந்த 2.51 வேறொரு கேள்விக்கு விடை: ஆர்பிட்டால்களை எளிய கணிதச் சார்புகளாக எழுதி, அணுவின் மொத்த ஆற்றல் மிகக் குறைவாக அமையும்படி அச்சார்புகளின் அடுக்கெண்களைத் தேடியபோது கிடைத்த மதிப்பு அது.

நிறமாலை அறிஞர்கள் இன்னொரு வழியைப் பின்பற்றினார்கள். மின்சுமையை 1 என்றே வைத்துக்கொண்டு, கூட்டு எண்ணைக் குறைத்தார்கள். சோடியத்தின் 3எஸ் நிலைக்கு 3 என்ற எண்ணுக்குப் பதிலாக 1.63 என்று இட்டால் 5.14 எலக்ட்ரான்வோல்ட் சரியாக வந்துவிடும், குறைத்த 1.37-க்குக் குவாண்டம் குறைபாடு என்று பெயர். 3பி நிலைக்கு அது 0.88, 3டி நிலைக்கு 0.01 அளவுதான். ஊடுருவல் குறையக் குறைய இந்த எண் சுழியை நெருங்குவதைக் காணலாம்.


ஈரெலக்ட்ரான் – மறுமொழி

மேலே உள்ள விளக்கத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் ஆசிரியை அவர்கள் எழுப்பிய ஒரு புள்ளி விடுபட்டுவிட்டது: ஸ்லேட்டரின் எண்ணை ஆற்றல் சமன்பாட்டில் நேரடியாக இட்டால் ஏன் ஒத்துப்போவதில்லை? இதைச் சோடியத்தில் விளக்குவதைவிட, இரண்டே எலக்ட்ரான்கள் உள்ள ஹீலியத்தில் விளக்குவது தெளிவாக இருக்கும்.

ஹீலியத்தில் ‘உட்கூடு’ என்ற ஒன்றே இல்லை. இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே 1எஸ் ஆர்பிட்டாலில் இருக்கின்றன. இருந்தும் ஒன்றை மற்றொன்று மறைக்கிறது. உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மறைக்கிறது என்ற வாசகம் இங்கேயே போதாமல் போய்விடுகிறது. நடப்பது எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கம். அந்த விலக்கத்தின் சராசரி விளைவை அணுக்கருவின் மின்சுமை குறைந்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். அணுக்கருவின் கவர்ச்சி ஓர் இம்மியும் குறைவதில்லை.

ஸ்லேட்டர் விதிப்படி 1எஸ் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று 0.30 அளவு மறைக்கின்றன. எனவே ஹீலியத்துக்கு 1.70. மொத்த ஆற்றல் மிகக் குறைவாக அமையும் மின்சுமையைத் தேடும் மாறுதல் முறையில் கணக்கிட்டால் 27-ஐ 16 ஆல் வகுத்த 1.6875 வருகிறது, இரண்டும் நெருங்கிய எண்கள். இப்போது 1.70-ஐ வர்க்கமாக்கி 13.6 ஆல் பெருக்கினால் 39.3 எலக்ட்ரான்வோல்ட். ஹீலியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றலோ 24.59 தான். விதி தவறிவிட்டது என்று இங்கே முடிவு செய்துவிடக் கூடாது. 39.3 என்பது இரண்டு எலக்ட்ரான்களும் இருக்கும்போது ஒவ்வொன்றின் பங்காக வரும் ஆற்றல். இரண்டையும் சேர்த்தால் 78.6. ஓர் எலக்ட்ரானைப் பிரித்த பிறகு மீதமுள்ளது மறைப்பே இல்லாமல் 2 என்ற முழு மின்சுமையை உணர்ந்து இன்னும் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அதன் ஆற்றல் 54.4. 78.6-லிருந்து 54.4 போனால் 24.2. அளவிட்ட 24.59-க்கு இது எவ்வளவு அருகில் வருகிறது, பாருங்கள்.

ஸ்லேட்டரின் எண்களைக் கொண்டு ஆற்றலைக் கணக்கிடும்போது அணுவின் மொத்த ஆற்றலையும் அயனியின் மொத்த ஆற்றலையும் தனித்தனியே கண்டு கழிக்க வேண்டும். எஞ்சிய எலக்ட்ரான் ஆழ இறங்கும்போது விடுபடும் ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளாமல் கணக்கிடுவதுதான் ஹீலியத்தில் நேரும் தவறு. சோடியத்துக்கு இந்தத் திருத்தம் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: வெளிக்கூட்டு எலக்ட்ரான் உட்கூடுகளை மறைப்பதில்லை என்று ஸ்லேட்டர் விதி கொள்வதால், அங்கே கழித்தாலும் அதே 7.3 தான் வரும். அது விதியின் தோராயத்தால் விளையும் பிழை. 1930-இல் ஸ்லேட்டர் எல்லா அணுக்களுக்கும் பொருந்தும்படி ஒருசில எண்களை மட்டுமே வைத்துக்கொண்டு விதி வகுத்தார். ஒவ்வோர் அணுவிலும் அது துல்லியமாகப் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.


வேதியியல் ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 3டி நிலையின் 1.52 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. அதைத் தொடர்ந்து எழும் ஒரு கேள்வி: பொட்டாசியத்தில் 3டி-க்கு முன்பே 4எஸ் நிரம்புவதற்கும் இதே ஊடுருவல்தான் காரணம் என்று புரிந்துகொள்கிறேன். அப்படியானால் இரும்பு போன்ற அணுக்கள் அயனியாகும்போது ஏன் 4எஸ் எலக்ட்ரான்கள் முதலில் வெளியேறுகின்றன? ‘முதலில் நிரம்புவது முதலில் வெளியேறும்’ என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். காரணம் சொல்லித் தர விரும்புகிறேன்.


கனிமக்கரை – மறுமொழி

அம்மா, உங்கள் கேள்விக்கு அணுக்களை வரிசையாகப் பார்ப்பதைவிட, ஒரே எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் உள்ள மூன்றைப் பார்ப்பது நல்லது: பொட்டாசியம் அணு, ஒற்றை நேர்மின்சுமை கொண்ட கால்சியம் அயனி, இரட்டை நேர்மின்சுமை கொண்ட ஸ்காண்டியம் அயனி. மூன்றிலும் உள்ளே 18 எலக்ட்ரான்கள், வெளியே ஒன்று. மாறுவது அணுக்கருவின் மின்சுமை மட்டும்: 19, 20, 21.

பொட்டாசியத்தில் 4எஸ் நிலை 3டி-யைவிட 2.67 எலக்ட்ரான்வோல்ட் தாழ்ந்திருக்கிறது. 4எஸ் எலக்ட்ரானைப் பிரிக்க 4.34 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். 3டி-க்கு ஏற்றிவிட்டால் 1.67 போதும். ஹைட்ரஜனின் மூன்றாம் கூட்டுக்கு உரிய 1.51-க்கு இதுவும் அருகில்தான் நிற்கிறது. கால்சியம் அயனியில் 4எஸ் இன்னும் கீழேதான் இருக்கிறது, ஆனால் இடைவெளி 1.69 ஆகச் சுருங்கிவிட்டது. ஸ்காண்டியம் அயனியில் வரிசையே தலைகீழாகிறது. 3டி நிலை 4எஸ்-ஐவிட 3.17 எலக்ட்ரான்வோல்ட் தாழ்ந்துவிடுகிறது. அணுக்கருவின் கவர்ச்சி கூடியதும் 3டி ஆர்பிட்டால் வேகமாகச் சுருங்கி உள்ளே போய்விட்டது என்பதே இதன் பொருள். அதன்பின் வரும் தனிமங்களில் 3டி எலக்ட்ரான்கள் 4எஸ்-க்கு உட்புறம் இருப்பவை. இரும்பில் ஸ்லேட்டர் விதி 4எஸ்-க்கு 3.75 என்றும் 3டி-க்கு 6.25 என்றும் தருவது இதைத்தான் காட்டுகிறது. முதலில் நிரம்பியது என்பதற்கும் முதலில் வெளியேறுவதற்கும் தொடர்பு ஏதும் இல்லை. பொட்டாசியத்துக்கு உண்மையான ஆற்றல் வரிசையை இரும்புக்கும் பொருத்துவதால் வரும் குழப்பம் இது.

ஸ்லேட்டர் விதியைப் பற்றி ஒரு சொல். இங்கே அதைச் சற்று மென்மையாகவே அணுகியிருக்கிறீர்கள். ஒரே கூட்டின் எஸ், பி இரண்டையும் அது ஒரே குழுவில் வைத்துவிடுவதால், இந்த இழையின் மையப் பொருளான எஸ்-பி ஊடுருவல் வேறுபாடு அந்த விதியில் இடம்பெறவே இல்லை. பெரிலியத்திலிருந்து போரானுக்கு வரும்போது அயனியாக்கும் ஆற்றல் 9.32-லிருந்து 8.30 ஆகக் குறைகிறது; ஸ்லேட்டரின் எண்ணோ 1.95-லிருந்து 2.6 ஆக உயர்கிறது. மாணவர்கள் கணக்கை மட்டும் போட்டுப் பழகினால் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

ஆனால் கேலியத்தின் விஷயத்தில் அந்த விதிக்கு உரிய பெருமையைக் கொடுக்க வேண்டும். போரானிலிருந்து அலுமினியத்துக்கு இறங்கும்போது அயனியாக்கும் ஆற்றல் 8.30-லிருந்து 5.99 ஆகச் சரிகிறது; கேலியத்துக்கு இறங்கினால் மேலும் சரிய வேண்டும். உண்மையில் அது 6.00. நடுவில் பத்து 3டி எலக்ட்ரான்களும் அவற்றோடு பத்துப் புரோட்டான்களும் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு 3டி எலக்ட்ரானும் 4பி-யை 0.85 அளவுதான் மறைக்கிறது என்பதால், ஒவ்வொரு முறையும் 0.15 எஞ்சி, பத்து முறை சேர்ந்து 1.5 ஆகிவிடுகிறது. அலுமினியத்துக்கு 3.5, கேலியத்துக்கு 5.0, வேறுபாடு சரியாக அந்த 1.5.

இதே கதை லாந்தனைடு வரிசையில் பெரிய அளவில் நடக்கிறது. 4எஃப் எலக்ட்ரான்கள் பதினான்கு நிரம்பும்போது மறைப்பு போதாமல் மும்மை நேர்மின்சுமை அயனிகளின் ஆரம் லாந்தனத்தில் 103 பிக்கோமீட்டரிலிருந்து லுட்டீசியத்தில் 86 பிக்கோமீட்டராகச் சுருங்குகிறது. அதன் விளைவாக, சிர்கோனியத்தின் அணு ஆரம் 160 பிக்கோமீட்டர், அதற்கு அடுத்த வரிசையில் 32 எலக்ட்ரான்கள் கூடுதலாக உள்ள ஹாஃப்னியத்தின் ஆரம் 159. (ஹாஃப்னியத்தின் சுருக்கத்தில் சார்பியல் விளைவுக்கும் ஒரு பங்கு உண்டு.) 6எஸ் எலக்ட்ரானுக்கு ஸ்லேட்டர் விதியைப் பயன்படுத்தினால் இந்தச் சுருக்கம் வெளிப்படாது என்பதையும் கவனியுங்கள், இரண்டு கூடு உள்ளே இருக்கும் 4எஃப் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் முழுமையாக 1 அளவு மறைப்பதாக அவ்விதி கொள்கிறது.

வேதியியலில் இரட்டையர்போல் நடந்துகொள்ளும் சிர்கோனியம், ஹாஃப்னியம் இரண்டையும் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். ஹாஃப்னியம் 1923-இல்தான், கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் சிர்கோனியக் கனிமங்களை எக்ஸ் கதிர் நிறமாலையால் ஆராய்ந்தபோது அடையாளம் காணப்பட்டது. அதுவரை அது சிர்கோனியத்துக்குள்ளேயே மறைந்திருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கான் என்ற சிர்கோனியக் கனிமத்திலும் சிறிதளவு ஹாஃப்னியம் கலந்தே இருக்கிறது. அணு உலையின் எரிபொருள் உறைக்குச் சிர்கோனியம் வேண்டும், ஏனெனில் அது நியூட்ரான்களை அரிதாகவே விழுங்குகிறது. ஹாஃப்னியமோ அவற்றை ஏராளமாக விழுங்கும். ஆகவே பழையகாயலில் இருப்பது போன்ற சிர்கோனிய ஆலைகளில் ஹாஃப்னியத்தை நீக்குவதே ஒரு பெரிய வேலை. பதினான்கு எலக்ட்ரான்கள் சரியாக மறைக்காமல் போனதன் விலை அது.


வேதியியல் ஆசிரியை

நான் தேடிவந்ததைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை வகுப்பை இப்படி நடத்தலாம் என்று எண்ணியிருக்கிறேன்: ஆய்வகத்தில் புன்சன் அடுப்பின் தீயில் உப்புக் கரைசலைத் தோய்த்த கம்பியைக் காட்டிவிட்டு, கரும்பலகையில் 5.14, 3.04, 1.52 என்ற மூன்று எண்களை எழுதி, பக்கத்தில் ஹைட்ரஜனின் 1.51-ஐ எழுதப் போகிறேன். செயலுறு மின்சுமையை எங்கே எழுதினாலும் அது எந்தக் கேள்விக்கு விடை என்பதையும் அருகில் குறித்துவைக்கிறேன். ஹீலியத்தின் 24.2 கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன். ஸ்லேட்டர் விதி தேர்வுக்கு உரியது என்பதால் அதை விட முடியாது, ஆனால் போரானில் அது தவறுவதையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

கேள்வி கேட்ட மாணவியிடம் நேற்றே 3டி நிலையைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்படியென்றால் 4எஃப் நிலைக்கு ஏற்றினால் 0.85 வருமா?’ என்று கேட்டாள். 13.6-ஐ 16 ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள்.


நிறமாலையர்

வரும். சோடியத்தின் 4எஃப் எலக்ட்ரான் உட்கூடுகளை இன்னும் குறைவாகவே தொடுகிறது. அதைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல் 0.85 எலக்ட்ரான்வோல்ட்தான்.